கையெட்டும் தூரம்

சப்பாத்துக்குள் கால் போவதே பெரும்பாடாக இருந்தது. போன பிறகு கால் தன்னுடையதில்லை என்று ஆகிவிட்டது. கணுக்காலுக்கு மேலேயும் ஏறி நின்ற அந்தத் தடித்த பிளாஸ்டிக் கூட்டின் கொளுக்கிகளை ஓர் இளைஞன் குனிந்து ஒவ்வொன்றாக இறுக்கினான். பிறகு நிமிர்ந்து, எப்படி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டான். நன்றாக இருக்கிறது என்று மெற்றில்டா சொன்னாள். நன்றாக இல்லை. நிமிர்ந்து நின்றால் உடம்பு தானாகவே முன்னுக்குச் சாய்ந்தது. நடக்கப் பார்த்தால் கணுக்கால் மடங்காமல் குதிக்கால் டக் டக்கென்று தரையில் இடித்தது. நாற்பத்தேழு வயதில் மறுபடியும் நடை பழகும் பிள்ளையைப்போல அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு பனி அறைக்குள் போனாள்.

அவள் பனிச்சறுக்குப் பழக ஆசைப்பட்டு வந்தவள் அல்ல. கிழக்கு லண்டனில் ஒரு கல்லூரியில் உதவியாளராக வேலை செய்தாள். பார்வையோ, கேட்கும் திறனோ, கைகாலோ குறைந்த மாணவர்களுக்குப் பக்கத்தில் இருந்து, கரும்பலகையில் இருப்பதை வாசித்துச் சொல்வதும், படிகளில் கைகொடுப்பதும், பரீட்சையில் எழுதிக்கொடுப்பதும் அவளுடைய வேலை. இரண்டு வருடங்களாக அவளுடைய பொறுப்பில் இருந்தவள் ஜதுர்ஷிகா. பதினெட்டு வயது, சுற்றுலாத்துறை படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே கண்ணில் கோளாறு. நேரே இருப்பது தெரியும், பக்கங்களில் இருப்பது தெரியாது. உலகத்தை ஒரு குழாய்க்குள்ளால் பார்க்கிற மாதிரி என்று அவளே சொல்லுவாள்.

மூன்றாம் ஆண்டில் ஒரு பாடத்தை மாணவர்களே தெரிவுசெய்யலாம். கப்பல் பயணம், விழா ஒழுங்கமைப்பு, பனிச்சறுக்கு என்று மூன்று. மலை விடுதிகளில் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஸ்கீயோ ஸ்னோபோர்டோ தெரிந்திருந்தால் நல்லது என்பது கல்லூரியின் எண்ணம். ஒவ்வொரு வியாழனும் மினிபஸ்ஸில் நகருக்கு வடக்கே போய், விமானக் கொட்டகை அளவான ஒரு கட்டடத்துக்குள் செயற்கைப் பனியில் பழகுவார்கள். எல்லாரும் ஜதுர்ஷிகா கப்பலைத்தான் எடுப்பாள் என்று நினைத்தார்கள். அவள் பனியை எடுத்தாள்.

கல்லூரி யோசித்து ஒரு விதி போட்டது. பிள்ளை போகலாம், ஆனால் உதவியாளர் பனியின்மேலும் கையெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். அப்படியென்றால் உதவியாளரும் பழகவேண்டும். அதைப் பற்றி மெற்றில்டாவிடம் யாரும் கேட்கவில்லை. அவளுக்கு ஒரு தலைக்கவசம் கொடுத்தார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. மெற்றில்டா குடியிருந்தது ஜதுர்ஷிகாவின் வீட்டு மேல்மாடியில்.

பிளேஸ்டோவில் அந்த வரிசை வீடு யோகராஜாவுடையது. அவர் பெற்றோல் ஸ்டேஷன் ஒன்றை நடத்தி வந்தார், விடியப் போனால் இரவுதான் வருவார், அதிகம் பேசமாட்டார். வீட்டை ஆண்டது அவருடைய மனைவி வசந்தமலர். ஆறு வருடங்களுக்கு முன் மெற்றில்டாவின் புருஷன் அவளை விட்டுவிட்டுக் கனடாவுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டபோது, இரண்டு பைகளோடு தெருவில் நின்றவளுக்கு மேலறையைத் திறந்துவிட்டவள் வசந்தமலர்தான். "நீர் வேதக்காரியெண்டால் என்ன, மனுசிதானே, ஏறி வாரும்" என்று சொன்னாள். கல்லூரியில் அந்த வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்து சொன்னவளும் அவள்தான். மகள் அங்கே சேர்ந்தபோது, "கடவுளே பாத்து உம்மை அங்க அனுப்பியிருக்கிறார்" என்று கண்கலங்கினாள்.

பதினெட்டு வயது வந்த மாணவர்களைப் பற்றி அவர்களுடைய சம்மதம் இல்லாமல் பெற்றோருடன் பேசக்கூடாது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தப் பெற்றோரின் குசினியில்தான் மெற்றில்டா தினமும் பின்னேரத் தேத்தண்ணி குடித்தாள்.

"அன்ரி, அம்மாட்டச் சொல்லாதேங்கோ, ப்ளீஸ்" என்று முதல் வியாழன் மினிபஸ்ஸில் ஜது கேட்டாள். "சொன்னா அவ என்னை வீட்டை விட்டே விடமாட்டா."

"எப்பவாவது தெரியத்தானே வேணும், பிள்ளை?"

"தெரியட்டும். நான் பழகின பிறகு தெரியட்டும்."

மெற்றில்டா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஜது அதை ஓம் என்றே எடுத்துக்கொண்டாள்.

பழக்கினவள் மோராக் என்ற ஸ்கொட்லாந்துக்காரி. சிவந்த முகம், சத்தமான குரல். செம்மஞ்சள் ஜக்கெற் போட்டுக்கொண்டு ஜதுவுக்கு முன்னால் பின்பக்கமாகவே சறுக்கிப் போவாள். "இடது, இடது, நேரே, வலது" என்று கூப்பிட்டுக்கொண்டே போக, ஜது அந்தக் குரலையும் அந்த நிறத்தையும் பிடித்துக்கொண்டு பின்னால் வருவாள். பக்கங்களில் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பயப்பட அவளுக்கு வழியில்லை. மற்றப் பிள்ளைகள் அங்குமிங்கும் பார்த்து விழுந்தார்கள். அவள் விழவில்லை என்றில்லை, விழுந்தாள், சிரித்துக்கொண்டு எழும்பினாள்.

மெற்றில்டா எழும்புவதற்குத்தான் பாடுபட்டாள். ஸ்கீ இரண்டையும் பீட்சாத் துண்டு மாதிரி முன்னால் குவித்து வைத்தால் வேகம் குறையும் என்றார்கள். அவள் குவித்தாள். ஒன்றின்மேல் ஒன்று ஏறியது. விழுந்தாள். இடுப்பைத் தூக்கு என்றார்கள், கையை ஊன்று என்றார்கள். பனியில் கிடந்தபடி அவள் கூரையைப் பார்த்தாள். இரும்புக் கம்பிகளும் பெரிய விசிறிகளும் தெரிந்தன. ஜன்னல் ஒன்றுகூட இல்லை. கால்கள் சப்பாத்துக்குள், சப்பாத்துகள் ஸ்கீக்குள், இந்தக் கட்டடத்துக்குள் தான், வியாழனுக்குள் இந்தக் கட்டடம். வெளியே வருவதற்கு ஒரு வழியும் அவளுக்குத் தெரியவில்லை.

கீழே ஒரு சின்னச் சரிவு, அதற்கப்பால் பெரிய சரிவு. சில வாரங்களில் மற்றவர்கள் பெரிய சரிவுக்கு ஏறிவிட்டார்கள். ஜதுவும் தயார் என்று மோராக் சொன்னாள். ஆனால் மெற்றில்டாவால் பெரிய சரிவுக்கு ஏற முடியவில்லை. அதற்கு இழுவை லிஃப்ட் ஒன்று இருந்தது. ஓடும் கம்பியிலிருந்து தொங்கும் வட்டத்தகட்டைக் கால்களுக்கிடையில் கொடுத்துக்கொண்டால் அது மேலே இழுத்துப்போகும். மூன்று முறை முயன்றாள், மூன்று முறையும் அது அவளை விட்டுவிட்டுத் தனியே போனது.

"அன்ரி" என்று ஜது சொன்னாள். அவள் குரல் தாழ்ந்திருந்தது. "நீங்க கீழ நிண்டா நானும் கீழதான் நிக்கோணும்."

"தெரியும், பிள்ளை."

"அங்க எல்லாரும் மேல. நான் மட்டும் சின்னப் பிள்ளையளோட. டூ இயர்ஸா எங்க போனாலும் நீங்க என்ர கையப் பிடிச்சுக்கொண்டு… சொறி அன்ரி. உங்களை எனக்குப் பிடிக்கும். ஆனா மூச்சு முட்டுது."

மெற்றில்டாவுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. எனக்கும்தான் மூச்சு முட்டுது என்று வாய்வரை வந்தது. அவள் குனிந்து கையுறையைச் சரிசெய்தாள்.

வீட்டில் பின்னேரம் வசந்தமலர் படியடியில் நின்று கூப்பிட்டாள். "மெற்றி, தேத்தண்ணி வைச்சிருக்கிறன், இறங்கி வாரும்!" மெற்றில்டா ஒவ்வொரு படியாக இறங்கினாள். தொடை இரண்டும் கல்லாகியிருந்தன.

"ஏன் நொண்டுறீர்?"

"கன நேரம் நிண்டது அக்கா."

"இண்டைக்கு என்ன பாடம் நடந்தது?"

"வெளியில போனவை. விடுதியள், அப்பிடியான இடங்களைப் பற்றித்தான்." இது முழுப் பொய் இல்லை என்று மெற்றில்டா தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"ஜது சாப்பிட்டவளோ? ஆரோட கதைச்சவள்? ரோட்டுக் கடக்கேக்க பிடிச்சனீரோ?"

ஒவ்வொன்றுக்கும் மெற்றில்டா பதில் சொன்னாள். வசந்தமலர் கேட்பதில் குற்றம் சொல்ல முடியாது. எட்டு வயதில் ஜது பள்ளிக்கூட வாசலில் ஒரு வானின் பக்கக் கண்ணாடியில் மோதி விழுந்தாள். புருவத்துக்கு மேலே அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றைக்கு மகளின் கையை விட்டுவிட்டு வசந்தமலர் யாரோடோ கதைத்துக்கொண்டு நின்றாளாம்.

"நீர் பக்கத்தில நிக்கிறீர் எண்டதாலதான் மெற்றி, எனக்குப் பகலில மூச்சு வருது" என்று அவள் சொன்னாள். ஒரு தட்டில் வடையை வைத்து அருகில் தள்ளினாள். ஜது கதவடியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கண்கள் நேரே மெற்றில்டாவின்மேல் இருந்தன.

ஒருத்திக்கு மூச்சு வருவதற்கும் இன்னொருத்திக்கு மூச்சு முட்டுவதற்கும் ஒரே காரணம் தான்தான் என்று மெற்றில்டாவுக்கு அன்று விளங்கியது. மேலறைக்குப் போய்க் கட்டிலில் இருந்தாள். கீழே வசந்தமலரின் பேச்சுச் சத்தம் தரைப்பலகை வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த நாள் கல்லூரியில் தன் பொறுப்பாளர் ஹெலனிடம் போனாள். என்னால் ஏலாது, வேறு யாரையாவது விடுங்கள் என்று கேட்டாள். ஹெலன் நல்ல மனுஷி. வேறு ஆள் இல்லை என்றாள். நீங்கள் விலகினால் அந்தப் பிள்ளை அந்தப் பாடத்தை விடவேண்டியதுதான், அதையும் யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். மெற்றில்டா யோசித்தாள். விலகினால் ஜது அவளை வாழ்நாள் முழுக்க மன்னிக்கமாட்டாள். விலகாவிட்டால் வியாழன் வரும். அடுத்த வியாழன் அவள் மினிபஸ்ஸில் ஏறினாள்.

அன்றைக்கு எப்படியோ லிஃப்ட் அவளைப் பிடித்துக்கொண்டது. வட்டத்தகடு பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ள, கால்கள் நேராக நின்றன, பனி கீழே நழுவிப் போனது. தான் மேலே போகிறோம் என்று அவளுக்கு நம்பவே கடினமாக இருந்தது. முன்னால் போன ஜது திரும்பாமலே, "அன்ரி! வாறீங்களோ?" என்று கத்தினாள்.

"வாறன், வாறன்!"

உச்சியில் இறங்கி நின்றபோதுதான் கீழே பார்த்தாள். கீழே இருந்து பார்க்கும்போது சாய்ந்து கிடந்த வெள்ளை விரிப்பு, மேலே இருந்து பார்க்கும்போது கிணறாக இருந்தது. மோராக் பின்பக்கமாகச் சறுக்கத் தொடங்கினாள். "இடது… இடது… நேரே." ஜது அவள் பின்னால் போனாள். மெற்றில்டாவும் போயிருக்கவேண்டும், விதி அப்படி. ஆனால் கால்கள் அசையவில்லை. அவள் கூப்பிட்டு நிறுத்தவும் இல்லை.

அவள் அங்கே தனியே நின்றாள். லிஃப்ட் ஆட்களை மேலே கொண்டுவருமே தவிரக் கீழே கொண்டுபோகாது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து இறங்கி, அவளைச் சுற்றிக்கொண்டு சறுக்கிப் போனார்கள். பின்னுக்குச் சுவர், முன்னுக்குச் சரிவு. வியர்வை கழுத்தால் வழிந்து உள்ளே குளிர்ந்தது.

அங்கே நின்றபடிதான் அவள் ஜதுவைத் தூரத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டு வருடங்களில் அதுவே முதல் தடவை. வகுப்பிலும் வீதியிலும் பேருந்திலும் அவள் கண்டதெல்லாம் ஜதுவின் முழங்கையும் தோளும்தான். இப்போது முழு ஆளாக, சின்னதாக, ஒரு செம்மஞ்சள் புள்ளிக்குப் பின்னால் வளைந்து வளைந்து இறங்குகிற ஒரு பெண்ணைக் கண்டாள். கையெட்டும் தூரத்தில் யாரும் இல்லை. ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண் அடிவாரத்தில் நின்று இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

மெற்றில்டாவுக்கு அழுகை வந்தது. மகிழ்ச்சியா, வெட்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. ஸ்கீயைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக நடந்து இறங்கியிருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். அவள் அதைச் செய்யவில்லை. ஸ்கீயைக் குவித்து மெதுவாக முன்னுக்குச் சாய்ந்தாள். கொஞ்சத் தூரம் நன்றாகவே போனாள். பிறகு வேகம் அவளைத் தூக்கிக்கொண்டது. விழும்போது வலது கையை ஊன்றினாள். உள்ளே ஏதோ முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது.

ஆஸ்பத்திரியில் ஜது கூடவே வந்து இருந்தாள். மணிக்கட்டில் முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு என்றார்கள். டொக்டர் போனதும் ஜது கேட்டாள். "அன்ரி, அம்மாட்ட என்ன சொல்லப்போறீங்கள்?"

வலிக்குதோ என்று முதலில் கேட்பாள் என்று மெற்றில்டா எதிர்பார்த்திருந்தாள்.

"படியில வழுக்கினது எண்டு சொல்லுறன்."

"தாங்க்ஸ், அன்ரி." கொஞ்சம் பொறுத்து, "நல்லா நோகுதோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றாள் மெற்றில்டா.

வசந்தமலர் பதறிப்போனாள். கல்லூரிக்காரர் படியைத் துடைத்து வைத்திருக்கக் கூடாதோ என்று திட்டினாள். அன்றிலிருந்து மேலறைக்குச் சாப்பாடு வந்தது. புட்டும் மீன்குழம்பும், ஒரு நாள் இடியப்பம், ஒரு நாள் மிளகு போட்ட ரசம். ஒரு கையால் சாப்பிட முடியாதென்று மீனில் முள் எடுத்துக் கொடுத்தாள். கழுவிய உடுப்பை மடித்து வைத்தாள். காலையில் குசினிக் கதிரையில் இருத்தி, மெற்றில்டாவின் நீளமான தலைமயிரைச் சீவிப் பின்னிவிட்டாள்.

அந்த நேரந்தான் மெற்றில்டாவுக்குக் கொடுமையாக இருந்தது. பின்னல் வசந்தமலரின் கையில். முகம் தெரியாது, குரல் மட்டும் பின்னாலிருந்து வரும்.

"எந்தப் படி, மெற்றி?"

"பின்பக்கப் படி அக்கா."

"ஜது அப்ப எங்க நிண்டவள்?"

"கீழ."

"அவள் விழேல்லைத்தானே?"

"இல்லை அக்கா. அவ நல்லா நிண்டவ."

சீப்பு மெல்ல இறங்கியது. இப்படி அன்பாகத் தலைசீவி விட்டவர்கள் அவளுக்கு நெடுங்காலம் யாரும் இல்லை. எழும்பி ஓடிவிடவேண்டும் போலவும் இருந்தது, அப்படியே இருந்துவிடவேண்டும் போலவும் இருந்தது.

அந்த வாரம் ஹெலன் தொலைபேசியில் பேசினாள். பார்வை குறைந்தவர்களுக்கு வழிகாட்ட மோராக் பயிற்சி பெற்றிருக்கிறாளாம். இனி வியாழன்களில் உதவியாளர் இல்லாமலே ஜது போகலாமா என்று அவள் கேட்டிருக்கிறாளாம். பிள்ளையை அதிகம் தெரிந்தவள் நீங்கள்தான், உங்கள் அபிப்பிராயம் என்ன? பனியில் அவளுக்குக் கையெட்டும் தூரத்தில் ஆள் வேண்டுமா?

ஆம் என்று சொன்னால் பாடம் நிற்கும், வீட்டில் பொய்யும் நிற்கும், கை சுகமானதும் எல்லாம் பழையபடி ஆகும். ஒரு சொல் போதும். மெற்றில்டா தரைப்பலகையைப் பார்த்தாள். கீழே வசந்தமலர் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்" என்றாள். "நான் மேலே நின்று பார்த்தேன். அவளுக்கு நான் வேண்டாம்."

ஆனால் வசந்தமலர் வேறு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். புதன்கிழமைப் பின்னேரம் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தபடி கேட்டாள். "நீர் வீட்டில இருக்கிறீர். அப்ப இப்ப ஆர் அவளோட நிக்கினம்?"

"கொலிச்சில ஆள் இருக்கு அக்கா."

"தமிழ் ஆளோ?"

"இல்லை."

"அப்ப நானே போய் நிக்கிறன். நாளைக்குக் காலமை அவளோட பஸ்ஸில போறன். உம்மட கை சுகமாகுமட்டும் நான் பாத்துக்கொள்ளுறன்."

மெற்றில்டா கோப்பையைத் தூக்கினாள். குடிக்காமலே திரும்ப மேசையில் வைத்தாள்.

மேலே போனதும் ஜதுவைக் கூப்பிட்டாள். "நான் இனி ஒரு சொல்லும் பொய் சொல்லமாட்டன். உண்மையைச் சொல்லவும் எனக்கு உரிமையில்லை. அது உம்மட கதை, நீரே சொல்லும். நாளைக்கு விடிஞ்சால் அம்மா உம்மோட பஸ்ஸில இருப்பா."

"அவ உங்களோட கோவிப்பா, அன்ரி."

"கோவிக்கட்டும்."

விடிந்தது. மெற்றில்டா கதிரையில் இருந்தாள். வசந்தமலர் வெளிக்கிட்டு, நல்ல சேலை கட்டி, பின்னலைப் பாதி பின்னியிருந்தாள். ஜது வந்து மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அம்மா, நான் வியாழக்கிழமையில ஸ்கீ பழகப் போறனான். செப்ரெம்பர்ல இருந்து. கொலிச்சில அது ஒரு பாடம். அன்ரி அங்கதான் விழுந்தவ. என்னால."

பின்னுகிற கை நின்றது. இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. மெற்றில்டா அசையாமல் இருந்தாள்.

"ஸ்கீ எண்டால்? உந்த மலையில…"

"ஓம் அம்மா."

அடுத்து வசந்தமலர் பேசியது மகளோடு அல்ல. "உமக்குத் தெரியும்."

"ஓம் அக்கா."

"ஒவ்வொரு நாளும் இந்த மேசையில இருந்து தேத்தண்ணி குடிச்சனீர்."

"ஓம் அக்கா."

வசந்தமலர் பின்னலை முடித்தாள். பிசகில்லாமல், இறுக்கமாக, நுனியில் றப்பரைப் போட்டு முடித்தாள். பிறகு சீப்பை மேசையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஜது அம்மாவின் கதவடியில் போய் நின்று, "எனக்குப் பதினெட்டு வயசு, அம்மா" என்றாள். கதவு திறக்கவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். யாரும் கையைப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு படியடியில் நின்று யாரும் கூப்பிடவில்லை. சாப்பாடு வந்தது, மூடிய கிண்ணத்தில், படியின் கடைசித் தட்டில். போகச் சொல்லியிருந்தால் மெற்றில்டா போயிருப்பாள். வசந்தமலர் அதைச் சொல்லவில்லை. இந்தக் கையோடு ஒருத்தியைத் தெருவில் விடுகிறவள் அல்ல அவள். மன்னிக்கிறவளும் அல்ல. மேலறையில் மெற்றில்டா செருப்புச் சத்தம் கேட்காமல் நடக்கப் பழகினாள். தண்ணீர் குடிக்கக் கீழே போவதற்கு, குசினியில் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள். பின்னாமல் தோளில் விட்ட தலைமயிர் சிக்குப்பிடித்தது. ஒரு நாள் ஈஸ்ட் ஹாமில் ஒரு சலூனுக்குப் போய் அதைக் கழுத்தளவுக்கு வெட்டிவிட்டு வந்தாள். வரும் வழியில் ஒரு கடைக் கண்ணாடியில் அறை வாடகைக்கு என்ற அறிவித்தலைக் கண்டாள். அறையைப் பார்த்தாள். சின்ன அறை, ரயில் பாதைப் பக்கம் ஜன்னல். எடுக்கிறேன் என்று சொன்னாள்.

மாவுக்கட்டை வெட்டிய பிறகு ஒரு பின்னேரம் யோகராஜா அவளுடைய கதவைத் தட்டினார். அவர் மாடிக்கு வந்ததே அதுவரை இல்லை. வாசலில் நின்று கீழே பார்த்துக்கொண்டு பேசினார்.

"தங்கச்சி, வாற வியாழன் பிள்ளைக்கு அங்க சோதினையாம். தாய் தேப்பன் வந்து பாக்கலாமாம். நான் லீவு போட்டிட்டன்."

"நல்லது அண்ணை. போய்ப் பாருங்கோ."

"பிள்ளையின்ர தாய் தனிய வரமாட்டா. நீரும் வந்தால் வருவா." அவர் தொண்டையைச் செருமினார். "வாயால சொல்லேல்லை. ஆனா எனக்குத் தெரியும்."

மேல்தளத்தில் சிற்றுண்டிச்சாலை இருந்தது. பெரிய கண்ணாடி வழியாகச் சரிவு முழுவதும் தெரியும். வசந்தமலர் குளிர்க் கோட்டைக் கழற்றாமல் கண்ணாடியோடு ஒட்டி நின்றாள். எல்லாரும் ஒரே மாதிரித் தலைக்கவசம், ஒரே மாதிரி உடுப்பு.

"எது என்ர பிள்ளை?" என்று கேட்டாள். பல வாரங்களுக்குப் பிறகு மெற்றில்டாவோடு பேசிய முதல் சொல்.

"உந்த ஒரேஞ்சு ஜக்கெற்றுக்குப் பின்னால வரப்போறது, அக்கா. உச்சியில நிக்கிறா, பாருங்கோ."

வசந்தமலர் பார்த்தாள். உடனே கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள். வாய் ஏதோ மந்திரத்தை முணுமுணுத்தது. யோகராஜா கையில் காகிதக் கோப்பையோடு கண்ணிமைக்காமல் நின்றார்.

"வெளிக்கிட்டாளோ?"

"ஓம் அக்கா."

"வந்திட்டாளோ?"

"இன்னும் இல்லை. பாதி. கண்ணைத் திறந்து பாருங்கோவன்."

"ஏலாது." அவளுடைய கை மெற்றில்டாவின் கையைத் தேடிப் பிடித்தது. முறிந்த மணிக்கட்டு. வலித்தது. மெற்றில்டா கையை இழுக்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் ஜது ஓரிடத்தில் சறுக்கித் தடுமாறினாள், நிமிர்ந்தாள், மறுபடியும் வளைந்து இறங்கினாள். அதை வசந்தமலர் காணவில்லை.

"வந்திட்டா" என்றாள் மெற்றில்டா.

திரும்பி வரும்போது நோர்த் சேர்குலர் பெருவீதியில் வாகனங்கள் நகரவில்லை. யோகராஜா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்ற லொறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்சீற்றில் ஜதுவும் மெற்றில்டாவும். ஜது பாஸ் பண்ணிவிட்டாள். ஆனால் காருக்குள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மெற்றில்டா சொன்னாள். "அக்கா, மாச முடிவில நான் வேற இடம் போறன். ஈஸ்ட் ஹாமில ஒரு அறை எடுத்திருக்கிறன்."

வசந்தமலரின் பின்தலை அசையவில்லை. "நான் போகச் சொன்னனானோ?"

"இல்லை அக்கா."

"பின்ன?"

மெற்றில்டாவுக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. ஒன்றும் அந்தக் காருக்குள் கொள்ளக்கூடியதாக இல்லை. "எனக்கு ஒரு இடம் வேணும்" என்று மட்டும் சொன்னாள்.

லொறி கொஞ்சம் நகர்ந்து மறுபடியும் நின்றது. யோகராஜாவும் காரைக் கொஞ்சம் நகர்த்தி நிறுத்தினார். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மழை தூறியது.

வசந்தமலர் சீற்றில் திரும்பினாள். மெற்றில்டா தனக்குத்தான் ஏதோ கேள்வி வருகிறது என்று நினைத்து நிமிர்ந்தாள். ஆனால் வசந்தமலர் பார்த்தது மகளை.

"பிள்ளை" என்றாள். குரல் கரகரத்தது. "அங்க மேல… நிக்கேக்க உனக்குக் குளிரேல்லையோ?"

ஜது அம்மாவின் முகம் தன் பார்வைக்குள் நேரே வரும்படி தலையைத் திருப்பினாள்.

"கொஞ்சம் குளிர்தான் அம்மா" என்றாள். "ஆனா இறங்கத் தொடங்கினா தெரியாது."

வசந்தமலர் முன்னுக்குத் திரும்பாமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீதி இன்னும் திறக்கவில்லை. நாலு பேரும் அப்படியே இருந்தார்கள்.